நாண் இறக்காத வில்

கடைசல்காரனுக்கு எதைப் பார்த்தாலும் உருட்டத்தான் தோன்றும். ஜெயராமனும் அப்படித்தான். பொம்மனஹள்ளியில், ஓசூர் ரோட்டிலிருந்து உள்ளே ஒதுங்கிய கோவிந்தப்பாவின் பட்டறையில், பன்னிரண்டு வருஷமாகக் கட்டில் கால், படிக்கட்டுக் கைப்பிடி, சப்பாத்திக் கட்டை என்று லேத்தில் மரத்தைச் சுழலவிட்டு உருட்டிக்கொண்டிருந்தான். கோணல்மாணலாக வருகிற மரம் அவன் கையை விட்டுப் போகும்போது வழவழவென்று போகும். அப்பேர்ப்பட்டவனுக்கு ஒன்றே ஒன்று மட்டும் கைக்கு அடங்கவில்லை. அது அவன் பெண்டாட்டி பிரபாவின் மனசு.

சண்டை சச்சரவு என்று நினைத்துவிட வேண்டாம். அதெல்லாம் இருந்திருந்தால்கூடத் தேவலை. கார்மெண்ட்ஸ் ஃபாக்டரியில் நாள் முழுக்க ஜீன்ஸ் பேன்ட்டுக்குப் பாக்கெட் தைத்துவிட்டு ஆறரை மணிக்கு வருவாள். கேழ்வரகுக் களியும் கீரைச் சாறும் செய்து, உருண்டை உருட்டி, தட்டில் வைத்து, “இன்னும் போடட்டுங்களா?” என்பாள். கேட்டதற்குப் பதில் உண்டு. கேட்காததற்கு ஒரு வார்த்தை கிடையாது. “உனக்கு இன்னா வேணும், சொல்லு” என்று அவனும் எத்தனையோ தடவை கேட்டுப் பார்த்தான். “ஒண்ணும் வேணாங்க” என்பாள். குழந்தை இல்லையே என்று ஊரார் உச்சுக் கொட்டியபோதுகூட அவள் முகத்தில் ஒன்றும் ஓடவில்லை. வீட்டில் இருந்தாள், ஆனால் எங்கேயோ இருந்தாள்.

எங்கே என்று அவனுக்குத் தெரியும். ஜோகுபாளையத்தில் அவளுடைய அப்பா, அல்சூர்ப் பக்கத்து விளையாட்டு மைதானம் ஒன்றில் புல் வெட்டுகிற வேலை பார்த்தவர். அங்கே வில் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்த ஓஸ்வால்ட் மாஸ்டர், பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்றவர், பன்னிரண்டு வயசுப் பிரபா கையில் வில்லைக் கொடுத்துப் பார்த்தார். அவ்வளவுதான். இரண்டு தடவை கர்நாடகத்துக்காக வில் போட்டிக்குப் போனாள். கல்யாணம் நிச்சயமானதும் கிளப் வில்லைக் கிளப்பிலேயே ஒப்படைத்துவிட்டு வந்து மாலையைப் போட்டுக்கொண்டாள். கல்யாணமான புதிதில் அவள் வலது கையைப் பிடித்தபோது மூன்று விரல் நுனியிலும் காய்ப்பு இருந்தது. ஜெயராமனுக்கும் கையெல்லாம் காய்ப்புத்தான். அதனால் ஆசையாக இருந்தது. மூன்று வருஷத்தில் அந்தக் காய்ப்பு தேய்ந்து மெத்தென்று ஆகிவிட்டது. அவனுக்கு அதில் என்னவோ குற்றம் செய்துவிட்டதுபோல இருந்தது.

தொண்ணூற்றேழாம் வருஷ மார்கழியில் மாமியார் வீட்டுக்குப் போயிருந்தார்கள். வீட்டுக்குப் பின்பக்கம் இருந்த பழைய பங்களாவை அபார்ட்மெண்ட் கட்டுவதற்காக இடித்துக்கொண்டிருந்தார்கள். தோட்டத்தில் இருந்த கொய்யாமரத்தை, அந்தப் பக்கத்தில் சீபக்கா மரம் என்பார்கள், இரண்டு ஆட்கள் சாய்த்துவிட்டு விறகுக்குத் துண்டு போட ஆரம்பித்திருந்தார்கள். சத்தம் கேட்டதுமே பிரபா மதிலேறிக் குதித்தாள். புடவையோடுதான். ஜெயராமன் வாயைப் பிளந்துகொண்டு பின்னாலேயே ஏறினான்.

“அண்ணா, அந்தக் கெளைய வெட்டாதீங்க. ஒரு நிமிஷம்.”

ஒரு கிளையை முழங்காலில் கொடுத்து வளைத்தாள். விட்டாள். அது துள்ளி நிமிர்ந்தது. அவள் சிரித்தாள்.

“சீபக்கா மரம் லேசுல முறியாதுங்க. சின்ன வயசுல நாங்க இதுல தொங்கியே வளந்தோம். இதுல வில்லு செய்யலாம், தெரியுமா? மாஸ்டர் சொல்லுவாரு.”

மூன்று வருஷத்தில் அவளாக வாயைத் திறந்து சொன்ன முதல் சேதி அது. ஜெயராமனுக்கு அதற்கு மேல் என்ன வேண்டும்? கையளவு பருமனில், ஆளுயரத்துக்கு, ஓரளவு நேராக இருந்த மூன்று கிளைகளைக் கேட்டு வாங்கி, ஆட்டோக்காரனிடம் பாட்டு வாங்கிக் கட்டிக்கொண்டு, பொம்மனஹள்ளிக்குக் கொண்டுவந்து சேர்த்தான்.

கோவிந்தப்பா ஆனேக்கல்காரர். தமிழும் கன்னடமும் அவர் வாயில் ஒரே சட்டிக் குழம்பு, யாரைக் கூப்பிட்டாலும் ‘குரு’தான். கிளைகளைப் பார்த்துவிட்டு மூக்கைச் சுளித்தார்.

“சீபே மரமா? வளர்பிறையில வெட்டினது குரு. புழு விழும். சும்னே, வீணா எதுக்கு?”

“வில்லு செய்யப் போறேண்ணா.”

“வில்லா! யார் மேல விடறதுக்கு?”

“வீட்ல கேட்டாங்க.”

வீட்டில் யாரும் கேட்கவில்லை. அது அவனுக்கும் தெரியும். வெட்டுவாயில் வெடிப்பு விடாமல் இருக்கச் சாணியை அப்பி, பட்டறைப் பரணில் கிளைகளைப் படுக்கவைத்தான். தினமும் ஒரு தடவை ஏறித் தட்டிப் பார்ப்பான். பத்து மாசம் கழித்து, தட்டினால் டங்கென்று சத்தம் வந்தது. தீபாவளி முடிந்த வாரம் முதல் கிளையை இறக்கினான்.

இறக்கியவன் என்ன செய்தான்? கடைசல்காரன் புத்தி கடைசலில்தானே போகும். கர்ட்டன் கம்பு உருட்டுகிற நீள லேத்தில் அதைப் பூட்டி, நடுவில் பருத்து இரண்டு முனையிலும் ஒல்லியாக, கண்ணுக்குக் குளிர்ச்சியாகக் கடைந்து தள்ளினான். அப்படி ஒரு வேலை அந்தப் பட்டறையிலேயே யாரும் செய்ததில்லை. நைலான் கயிற்றைக் கட்டி, கோவிந்தப்பாவின் முன்னால் மார்பை நிமிர்த்திக்கொண்டு இழுத்தான். பாதி இழுப்பில் படாரென்று இரண்டாகி, ஒரு துண்டு அவன் கன்னத்தில் அறைந்தது.

“ஏன் குரு, அம்பு விடறதுக்கு முன்னாடியே அடி வாங்கிட்டியே!” என்றார் கோவிந்தப்பா.

கன்னத்தில் மஞ்சளைப் பற்றுப் போட்டபடி பிரபா கேட்டாள், “யாருங்க அடிச்சது?” ஒளிக்க முடியவில்லை. பையிலிருந்து இரண்டு துண்டையும் எடுத்து வைத்தான். அவள் இரண்டையும் பொருத்திப் பார்த்தாள்.

“எனக்கா செஞ்சீங்க?”

“வேற யாருக்கு?”

“இத மெஷின்ல போட்டு உருட்டினீங்களா?”

“ஆமா. எவ்ளோ நைஸா வந்துச்சு தெரியுமா?”

“நைஸாத்தான் இருக்கு. ஆனா நரம்பையெல்லாம் அறுத்துட்டீங்களே. இங்க பாருங்க. முதுகுப் பக்கம் ஒரே ரேகை இந்தக் கோடியிலேர்ந்து அந்தக் கோடி வரைக்கும் அறுபடாம ஓடணும். மரம் எப்படிக் கோணி வளந்துச்சோ அப்படியே விட்டுட்டுப் போகணும். அது கோணினா நீங்களும் கூடவே கோணணும்.”

“நான் கோணணுமா?”

“பின்ன? அது பொறந்த வளைசலு அது. நீங்கதான் வழிக்கு வரணும்.” சொல்லிவிட்டு அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. ஜெயராமன் எண்ணி வைத்துக்கொண்டான். இரண்டாவது சிரிப்பு.

அதற்கப்புறம் ஏழெட்டு மாசம் அவன் வாழ்க்கையிலேயே நல்ல மாசங்கள். வேலை விட்டு வந்ததும் இரண்டு பேரும் வரிசை வீட்டின் மொட்டைமாடிக்கு ஏறிவிடுவார்கள். தை மாசக் குளிரில் பிரபா அவரைக்காயை உரித்துப் பருப்பைப் பிதுக்கிக்கொண்டே உட்கார்ந்திருப்பாள். அவன் இரண்டாவது கிளையைக் கத்தியால் செதுக்குவான், பிறகு அரம், பிறகு உடைந்த கண்ணாடிச் சில்லால் சுரண்டல். நடுவில் ஒரு முடிச்சு இருந்தது, பட்டாணி அளவு. கை பரபரக்கும், சீவிவிடலாமா என்று. “தொடாதீங்க, சுத்திப் போங்க” என்பாள். சுற்றிப் போனான். கைப்பிடிச் சுவர்க் கம்பியில் வில்லின் நடுவை மாட்டிக் கயிற்றை இழுத்துக் காட்டுவான். அவள் தள்ளி நின்று, ஒரு கண்ணை மூடிப் பார்ப்பாள்.

“கீழ்ப்பாதி மொரண்டு பண்ணுது. நாலு வெரக்கட தள்ளி சொரண்டுங்க. போதும், போதும்!”

நாண் அவள் திரித்தது. ஃபாக்டரியில் கோனில் மிச்சம் விழுகிற ஜீன்ஸ் நூலைச் சூப்பர்வைசரிடம் கேட்டு வாங்கி வந்து, பதினெட்டு இழை சேர்த்து முறுக்கி, மெழுகுவத்தியைத் தேய்த்தாள். வில் முடிந்த அன்றைக்கு அவள் சொன்னது ஒன்றே ஒன்றுதான்.

“அம்பு விட்டு முடிச்சதும் ஸ்ட்ரிங்க இறக்கிடணும். ஏத்தினபடியே வெச்சா வில்லு வளைஞ்சே பழகிடும். அப்புறம் நிமிராது, அம்பையும் தள்ளாது. மறக்கக் கூடாது.”

“மறப்பனா?” என்றான் ஜெயராமன்.

லேஅவுட் போட்டு இன்னும் வீடு ஏறாத மனைகளில், உமி அடைத்த சாக்கை நிறுத்தி ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் அம்பு விட்டாள். நாணை இழுத்து முகவாயில் பதித்து, மூச்சை நிறுத்தி, ஒரு பார்வை பார்ப்பாள் பாருங்கள், அதில் உலகமே இருக்காது. அந்தச் சாக்கு மட்டும்தான். அம்பு பொறுக்கிக்கொடுக்கிற ஜெயராமனுக்குப் பொறாமையாக இருக்கும். ஒரு உமிச் சாக்கின் மேல் பொறாமைப்பட்ட புருஷன் இந்தப் பெங்களூரிலேயே அவன் ஒருவனாகத்தான் இருப்பான். அந்தப் பார்வையில் கால்வாசி ஒரு நாளைக்குத் தன் மேல் விழுந்தால் போதும் என்று ஏங்கினான்.

தொண்ணூற்றொன்பது ஆவணியில் ஓஸ்வால்ட் மாஸ்டர் ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். காபியை வாங்கிக்கொண்டு விஷயத்துக்கு வந்தார்.

“மடிக்கேரிப் பக்கம் ஒரு ஹாஸ்டல் ஸ்கூல், பிரபா. காட்டோரத்துப் பொண்ணுங்களுக்கு வில்லு கத்துக்குடுக்க லேடி டீச்சர் வேணுமாம். ஃபாரின் வில்லெல்லாம் வாங்க வசதி இல்ல. மர வில்லுல சுடத் தெரிஞ்சவங்களா கேக்கறாங்க. விஜயதசமி முடிஞ்ச மூணாம் நாள் நம்ம கிரவுண்ட்லயே டிரையல். அவங்கவங்க வில்லு, முப்பத்தாறு அம்பு.”

“தங்கற எடம்?” என்றான் ஜெயராமன்.

“பொண்ணுங்களோட ஹாஸ்டல்லதான். தசரா லீவுக்குத்தான் வரலாம்.”

பிரபா கொய்யா வில்லை எடுத்து மாஸ்டர் கையில் கொடுத்தாள். “இவரு செஞ்சது மாஸ்டர்” என்றாள். அவள் முகத்தைப் பார்த்ததும் ஜெயராமனுக்கு வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. “போய்ட்டு வா” என்று சொல்லவும் வரவில்லை. சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொண்ட கதை. அவளைத் தன் பக்கம் திருப்பலாம் என்று இரண்டு வருஷம் பாடுபட்டுச் செய்த சாமான், அவளை மடிக்கேரிக்கு ஏற்றி அனுப்பப் போகிறது.

ஆயுதபூஜை வந்தது. கோவிந்தப்பா பூஜைக்குக் கேட்கிறார் என்று வில்லை ஜெயராமனிடம் விட்டுவிட்டு, பிரபா முந்தின நாளே டிரையலுக்காக ஜோகுபாளையத்துக்குப் போயிருந்தாள். பட்டறையைக் கழுவி, லேத்துக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்து, மாவிலை கட்டி, உளி, அரம், ரம்பம் எல்லாவற்றையும் வரிசையாகப் பரப்பினார்கள். இந்தப் பட்டறையில் செய்த சாமானிலேயே ஒசத்தி அந்த வில்லுதான், அம்மனுக்கு நேராக அதுதான் இருக்கணும் என்று கோவிந்தப்பா ஒரே பிடிவாதம். ஜெயராமன் கொண்டுபோய் வைத்தான்.

“என்ன குரு, வெறும் குச்சிய வெக்கற? கயிறு மாட்டு. அப்பத்தானே வில்லு!”

மாட்டினான். அதுவரைக்கும் அவன் மனசில் கள்ளம் ஒன்றும் இல்லை. ஆரத்தி முடிந்ததும் இறக்கிவிடலாம் என்றுதான் நினைத்தான். ஆரத்தி முடிந்தது. பூசணிக்காய் உடைத்தாயிற்று. தெருவுக்கெல்லாம் பொரிகடலை கொடுத்தாயிற்று. குனிந்து நாணில் கை வைக்கப் போனான்.

“ஏய், ஏய்! பூஜைக்கு வெச்சத நாளைக்குக் காலையில எடுக்கற வரைக்கும் தொடக் கூடாது. இத்தன வருஷமா தெரியாதா?” என்று கோவிந்தப்பா கையைத் தட்டிவிட்டார்.

ஷட்டரை இழுத்துப் பூட்டினான். பல வருஷமாகப் பட்டறைச் சாவி அவன் இடுப்பில்தான். வீட்டுக்கு வந்து, தட்டில் பொரியைக் கொட்டிக்கொண்டு தனியாக உட்கார்ந்தான். மத்தியானமே மழை பிடித்துக்கொண்டது. பட்டறை மூன்று தெரு தள்ளி. ஐந்து நிமிஷ நடை. கோவிந்தப்பா ஆனேக்கலுக்குப் பஸ் ஏறியிருப்பார். போய்த் திறந்து, நாணை இறக்கிவிட்டு, மறுபடி பூட்டிக்கொண்டு வந்தால் எந்த அம்மன் கேட்கப் போகிறாள்? இரண்டு தடவை செருப்பை மாட்டினான். இரண்டு தடவையும் கழற்றினான். சாமி குத்தம் என்று சொல்லிக்கொண்டான். அதற்கு அடியில் வேறு ஒன்று இருந்தது: வில் சோர்ந்துபோனால் அவள் போக மாட்டாள். அதை நினைத்தபோது அவனுக்குச் சந்தோஷமாக இருந்தது. அந்தச் சந்தோஷம்தான் பிறகு அவனைத் தின்றது.

விஜயதசமி காலையில் தேங்காய் உடைத்து, லேத்தை ஒரு சுற்று ஓட்டிவிட்டு, நாணை இறக்கினான். வில் நிமிரவில்லை. மூன்று விரல்கடைக்கு வளைந்தே நின்றது. துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு, இரண்டு பஸ் மாறி ஜோகுபாளையம் போனான்.

பிரபா வாசலில் நின்றே வாங்கிப் பிரித்தாள். ஒரு கண்ணை மூடி, நுனியிலிருந்து நுனிவரை பார்த்தாள். முகம் செத்துவிட்டது.

“எத்தன நேரம் ஏத்தி வெச்சிருந்தீங்க?”

“நேத்துக் காலையிலேர்ந்து. பூஜையில... கோவிந்தப்பாண்ணாதான் தொடக் கூடாதுன்னு...” என்று ஆரம்பித்தான். அவள் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவனால் அதற்கு மேல் பழியைத் தள்ள முடியவில்லை.

“சாவி எங்கிட்டதான் இருந்துச்சு, பிரபா.”

“என்னா?”

“மத்தியானமே ஞாபகம் வந்துச்சு. போயிருக்கலாம். போகல. வில்லு கெட்டா நீ போக மாட்டேன்னு நெனச்சேன். மறந்தெல்லாம் போகல.”

தெருவில் ஒரு ஆட்டோ மாலை போட்டுக்கொண்டு போயிற்று. திட்டுவாள், அழுவாள், வில்லைத் தூக்கி எறிவாள் என்று அவன் காத்துக்கொண்டு நின்றான். அவள் வாசற்படியில் உட்கார்ந்து, வில்லை மடியில் வைத்து, கட்டைவிரலால் அந்த முடிச்சைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

“போகாதன்னு வாயத் தொறந்து சொல்லியிருக்கலாமே” என்றாள் கடைசியில்.

“சொன்னா இருந்திருப்பியா?”

“இருந்திருப்பேன்.” முடிச்சிலிருந்து விரலை எடுத்தாள். “இருந்து என்னா பண்ணியிருப்பேன்னு கேளுங்க. களி உருட்டியிருப்பேன்.”

அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

“அப்பா கிட்ட ரம்பம் இருக்கும். வாங்கிட்டு வாங்க” என்றாள்.

“எதுக்கு?”

“ரெண்டு நுனியிலயும் ரெண்டு ரெண்டு வெரக்கட அறுத்துட்டு, ஸ்ட்ரிங் மாட்டப் புதுசா காடி வெட்டுங்க. நீளம் கொறஞ்சா வில்லுக்குக் கொஞ்சம் வீம்பு வரும். ஒடஞ்சாலும் ஒடையும். பாத்துக்கலாம்.”

வாசலில் உட்கார்ந்து அவள் பிடித்துக்கொள்ள அவன் அறுத்தான். கட்டில் கால் ஆயிரம் அறுத்தவன் அன்றைக்கு இரண்டு தடவை அளந்து பார்த்துவிட்டுத்தான் ரம்பத்தை வைத்தான். காடி வெட்டி, அரம் போட்டு, புது நீளத்துக்கு அவள் நாணை முடிந்தாள். பிரபாவைப் பயிற்சிக்கு அழைத்துப்போக வந்த ஓஸ்வால்ட் மாஸ்டர் பின்னால் நின்று பார்த்துவிட்டு, “டிரையலுக்கு மூணு நாள் முன்னாடி வில்ல அறுக்கறவள இன்னிக்குத்தான் பாக்கறேன்” என்று தலையில் அடித்துக்கொண்டார்.

வில் உடையவில்லை. மூன்றாம் நாள் மைதானத்தில் ஏழு பெண்கள் வந்திருந்தார்கள். முதல் ஆறு அம்பும் பிரபாவுக்குத் தாழ்ந்தே போயின. இரண்டு புல்லில் குத்திக்கொண்டன. ஜெயராமன் வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். அவன் வாய் தானாக, “ஏத்திப் பிடி, ஏத்திப் பிடி” என்று முணுமுணுத்தது. அவள் போகக் கூடாது என்று மழை நாளில் வீட்டிலேயே உட்கார்ந்திருந்த அதே ஆள்தான். ஏழாவது அம்புக்கு அவள் கையை ஒரு சாண் உயர்த்தினாள். நாண் முகவாயில் பதிந்தது. அந்தப் பார்வை வந்தது. அந்தப் பார்வை யாரிடமிருந்தும் பறித்ததில்லை, தனக்கு வரவேண்டியதை உமிச் சாக்கு தின்னவில்லை என்று அன்றைக்குத்தான் அவனுக்கு உறைத்தது. அது அவளுடைய மூச்சு. மஞ்சள் வட்டத்தில் அம்பு குத்தி நின்றபோது அவன் அழுதுகொண்டே கைதட்டினான்.

வேலை கிடைத்து, கார்த்திகையில் அவள் மடிக்கேரி பஸ் ஏறினாள். ஜன்னலோரம் வில், துணி சுற்றி, நாண் இறக்கி. “களி கெளற வருமா உங்களுக்கு?” என்றாள். “வரும்” என்றான். வராது. ஒரு வாரம் கட்டி கட்டியாகத் தின்றான். வீடு இப்போது உண்மையாகவே காலியாக இருந்தது. முன்பு அவள் இருந்தும் இல்லாமல் இருந்தாள். இப்போது இல்லாமல் மூலைக்கு மூலை இருந்தாள். மொட்டைமாடிக் கம்பியில் கயிறு உராய்ந்த தடத்தைத் தொட்டுப் பார்ப்பான். அவரைக்காய்க் காலம் வந்தபோது வாங்கிவந்து, உரிக்கத் தோன்றாமல், அக்கம்பக்கத்துக்குக் கொடுத்துவிட்டான். பரணில் மூன்றாவது கிளை இருந்தது. அதை இறக்கினான். கத்தி, அரம், கண்ணாடிச் சில்லு. தள்ளி நின்று பார்த்துச் சொல்ல ஆள் இல்லாததால், வில்லைக் கம்பியில் இழுத்துக் கட்டிவிட்டு அவனே தள்ளிப் போய் நின்று, ஒரு கண்ணை மூடிப் பார்த்தான். மாசத்துக்கு ஒரு கடிதம் வந்தது. பிள்ளைகளைப் பற்றி, மழையைப் பற்றி, அட்டையைப் பற்றி. விரலில் காய்ப்பு வந்துவிட்டது என்று ஒரு வரி எழுதியிருந்தாள். அந்த வரியை அவன் எத்தனை தடவை படித்தான் என்று சொன்னால் சிரிப்பீர்கள்.

அடுத்த ஆயுதபூஜைக்கு அம்மனுக்கு நேராகப் புது வில்லை வைத்தான். நாண் தனியாகச் சுருட்டி, பக்கத்தில்.

“ஏன் குரு, துணி காயப்போடற கோலா?” என்றார் கோவிந்தப்பா.

“வில்லுதாண்ணா. தூங்குது. எழுப்பாதீங்க.”

விஜயதசமி மத்தியானம் மைசூர் ரோடு பஸ் ஸ்டாண்டில் பிரபா வந்து இறங்கினாள். கறுத்து, இளைத்து, கண்ணில் தெளிச்சலாக இருந்தாள். அவன் வில்லை நீட்டினான். கூட்டத்துக்கு நடுவிலேயே ஒரு கண்ணை மூடி நுனியிலிருந்து நுனிவரை பார்த்தாள்.

“நேரா இருக்கு” என்றாள். “நீங்க தனியாவா செஞ்சீங்க?”

“கூடவே கோணிக்கிட்டுப் போனேன்.”

அவள் பையைத் துழாவினாள். ஒரு சாவியை எடுத்து அவன் உள்ளங்கையில் வைத்தாள். சாவியில் இரண்டு விரல்கடை நீளத்துக்கு ஒரு மரத்துண்டு, ஓட்டை போட்டு நூலில் கோத்திருந்தது. ஒரு பக்கம் பழைய காடி. கொய்யா. அன்றைக்கு வாசலில் அறுத்து விழுந்த நுனியை அவன் மரத்தூளில் தேடித் தேடிப் பார்த்திருந்தான்.

“நீதான் எடுத்துக்கிட்டுப் போனியா?”

“ரெண்டும் எங்கிட்டதான். குவார்ட்டர்ஸ் குடுத்திருக்காங்க. ரெண்டு ரூமு, பின்னாடி ஒரு ஷெட்டு. ஒரு சாவி எனக்கு. இது உங்களுக்கு. வந்துதான் ஆகணும்னு சொல்லல. வரலன்னாலும் உங்ககிட்டயே இருக்கட்டும்.”

“எங்கிட்டயா சாவியக் குடுக்கற?” அவன் கையை மூடாமலே நின்றான்.

“அன்னிக்கும் உங்ககிட்டதானே இருந்துச்சு. நீங்களா சொல்லலன்னா எனக்குத் தெரிஞ்சிருக்கவே போறதில்ல” என்றாள் பிரபா. சொல்லும்போது அவனைப் பார்த்தாள். முழுசாக, மூச்சை நிறுத்தி, வேறு எதையும் பார்க்காமல்.

ஜெயராமன் அந்தத் துண்டைக் கட்டைவிரலால் தடவினான். கோணலாக இருந்தது. உருட்டத் தோன்றவில்லை.

“மடிக்கேரிக்கு அடுத்த பஸ் எத்தன மணிக்கு?” என்றான்.

“ஐயோ, இப்பத்தானேங்க எறங்கினேன்!” என்று அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பை அவன் எண்ணவில்லை.